கோதுமையும் குடலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டிகள் பர்லியாரில் நிற்காமல் போவது அபூர்வம். ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஓட்டுநருக்கு டீ, மற்றவர்களுக்குப் பழக்கடை. சாலையை ஒட்டி 1871இல் தொடங்கிய அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், ரம்புட்டான் எனக் கடல் தாண்டி வந்த மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றில் துரியனுக்கு மட்டும் தனி மவுசு. பருவம் வந்துவிட்டால் குழந்தை இல்லாத தம்பதிகள் எங்கெங்கிருந்தோ வந்து பழம் கிடைக்குமா என்று கேட்பார்கள். துரியன் சாப்பிட்டால் கரு தங்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அறிவியல் ஆதாரம்தான் கிடையாது.

அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பல ஆண்டுகள் பரிசோதனை செய்தும் காரணம் பிடிபடாமல் போன குழந்தைப்பேறின்மை, அடுத்தடுத்த கருச்சிதைவு ஆகியவற்றின் பின்னால், எல்லோரிடமும் இல்லை, ஒரு சிலரிடம், யாரும் சந்தேகிக்காத ஓர் உணவுப்பொருள் ஒளிந்திருப்பது உண்டு. அது பழத்தட்டில் இல்லை. அதே சாலையோரக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வர்க்கியாகவும், பக்கத்துக் கல்லில் பரோட்டாவாகவும் இருக்கிறது. அந்த நோய்க்குப் பெயர் சீலியாக். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய்கள் பல டஜன் இருக்கின்றன. ‘எதனால் இந்தத் தாக்குதல் தொடங்குகிறது’ என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பெயர் சொல்லிப் பதில் கிடைத்திருக்கும் அபூர்வமான நோய் இது. பதில்: குளூட்டன்.

குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருங்கள். வெள்ளை வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடும். கடைசியில் கையில் மிஞ்சுவது சாம்பல் நிறத்தில், மென்ற சூயிங்கம் மாதிரி இழுபடும் ஓர் உருண்டை. இத்தாலியின் பொலோனா நகரில் பெக்காரி என்ற அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைத்தான் செய்தார். 1745இல் அச்சிலும் வந்தது. தாவரத்திலிருந்தும் மாமிசத்தைப் போன்ற ஒரு பொருள் கிடைக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய வியப்பு. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித் தாளாக்குவதும், ஊட்டி வர்க்கி அடுக்கடுக்காகப் பிரிவதும் இந்தப் பொருளின் தயவில்தான். ராகி மாவை எவ்வளவு பிசைந்தாலும் வீச முடியாது. அதில் இது இல்லை.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் குளூட்டன் ஒரு சேமிப்பு. முளைக்கப்போகும் விதைக்கு நைட்ரஜன் வேண்டும். அதற்காகத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்தனுப்பும் புரதம் அது. கிளியாடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் அதில் உண்டு. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் இருக்கின்றன. அரிசி, சோளம், மக்காச்சோளம், கம்பு, ராகி, சாமை, தினை இவற்றில் அந்தச் சொந்தபந்தம் இல்லை.

சிக்கல் இந்தப் புரதத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். குளூட்டனின் சரத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டும் அளவுக்கு மீறி வருகின்றன. நம் வயிற்றிலும் கணையத்திலும் சுரக்கும் நொதிகளுக்குப் புரோலின் அடுத்தடுத்து நிற்கும் இடங்களை வெட்டத் தெரியாது. ஆகவே கோதுமை சாப்பிடும் யாருடைய குடலிலும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செரிக்காத துண்டுகள் மிஞ்சுகின்றன. 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அவற்றில் பெரிய துண்டு ஒன்றை அடையாளம் கண்டது. 33 அமினோ அமில நீளம். வயிற்று நொதி, கணைய நொதி, சிறுகுடல் சுவரின் நொதி எல்லாவற்றையும் தாண்டி அது முழுதாக நின்றது. மனிதன் கோதுமையை வளர்க்கத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அவன் குடல் இன்னும் அதை முழுக்கச் செரிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. துண்டு வரும், போகும். ஆனால் உலக மக்களில் மூவரில் ஒருவர் அளவுக்கு எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை இருக்கிறது. எச்எல்ஏ மூலக்கூறுகளின் வேலை, செல்லுக்குள் வந்த புரதத் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல, நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களிடம் காட்டுவது. ‘இது நம்முடையதா, அந்நியமா?’ என்று டி செல் பார்த்து முடிவெடுக்கும். டிக்யூ2வின் பள்ளத்தில் எதிர்மின் ஏற்றம் கொண்ட துண்டுகள்தான் கச்சிதமாக உட்காரும். குளூட்டன் துண்டில் இயல்பாக அந்த ஏற்றம் இல்லை. அதனால் அது அங்கே ஒட்டாமல் நழுவிவிட வேண்டும். நழுவியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

நழுவவிடாமல் செய்வது நம் உடலின் சொந்த நொதி ஒன்று: திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ். காயம்பட்ட இடத்தில் புரதங்களை ஒன்றோடொன்று தைத்து ஆற்றுவது அதன் தொழில். அது பிடித்துத் தைப்பது குளூட்டமினை. குடல் சுவரில் எதிர்ப்படும் கோதுமைத் துண்டு முழுக்கக் குளூட்டமின்! நொதி தன் வழக்கப்படி அதைத் தொடுகிறது. தைக்க எதிர்ப்பக்கம் ஆள் கிடைக்காதபோது குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தில் பிறப்பது எதிர்மின் ஏற்றம். இப்போது அந்தத் துண்டு டிக்யூ2வின் பள்ளத்தில் அளவெடுத்துச் செய்ததுபோல உட்காருகிறது. டி செல் பார்க்கிறது. அந்நியன் என்று அலறுகிறது.

இதுவரை நடந்தது கோதுமைமேல் கோபம். இது எப்படித் தன் உடல்மேலான கோபமாகத் திரும்புகிறது? இந்த நோயைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் அசத்திய இடம் இதுதான். எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் பி செல்களில், தவறுதலாக நம் சொந்தப் புரதங்களையே குறிவைப்பவை எப்போதும் சில இருக்கும். அவை தனியாக ஒன்றும் செய்ய முடியாது. டி செல்லின் ஒப்புதல் வேண்டும். தன் உடலின் நொதிக்கு ஒப்புதல் தர எந்த டி செல்லும் முன்வராது. ஆனால் இங்கே நொதி தனியாக இல்லை. கோதுமைத் துண்டைத் தைக்கப் போய் அதனோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நொதியைக் குறிவைக்கும் பி செல் அதை விழுங்கும்போது ஒட்டிக்கொண்ட கோதுமையும் உள்ளே போகிறது. கோதுமைத் துண்டைப் பி செல் வெளியே எடுத்துக் காட்டுகிறது. கோதுமைக்கு எதிராகக் கிளம்பிய டி செல் அதைப் பார்த்து ‘நம்ம ஆள்’ என்று நினைத்து ஒப்புதல் கொடுத்துவிடுகிறது. விளைவு, நம் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் பெருகுகிறது. 1997இல் பெர்லினில் டீட்ரிக், ஷுப்பான் ஆகியோரின் குழு அந்த எதிர்ப்பொருளின் இலக்கு இந்த நொதிதான் என்று கண்டுபிடித்தது. இன்று எந்த நகரத்து ஆய்வகத்திலும் ‘டிடிஜி’ என்று எழுதிக்கொடுத்தால் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனை அதுதான்.

இந்த விளக்கத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆள்மாறாட்டத்துக்குக் கோதுமை அவசியம் என்றால், கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருளும் நின்றுபோக வேண்டும். நின்றுபோகிறது! மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து பெரும்பாலோருக்கு இல்லாமலே ஆகிறது. முடக்குவாதத்திலோ லூபஸிலோ இப்படி ஒரு பொருளை விலக்கி நோயை அணைத்துவிட முடியாது.

தாக்குதல் நடக்கும் களம் சிறுகுடலின் உட்சுவர். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. உணவின் சத்தை உடல் எடுத்துக்கொள்வது அவற்றின் வழியாக. சீலியாக்கில் அவை தேய்ந்து தரைமட்டமாகின்றன. இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் எதுவும் சரியாக உள்ளே ஏறாது. குழந்தை என்றால் வயிறு உப்பி, கைகால் மெலிந்து, வளராமல் நிற்கும். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லாமல்கூட இருக்கலாம்: எத்தனை மாத்திரை போட்டாலும் தீராத ரத்தசோகை, இளவயதிலேயே எலும்புத் தேய்மானம், வாய்ப்புண், முன்பு சொன்ன கருச்சிதைவு. சிலருக்கு முழங்கை, முழங்காலில் அரிக்கும் கொப்புளங்கள். வெகு சிலருக்கு நடை தள்ளாடும். ஒரு நோய்க்கு இத்தனை முகம் இருந்தால் ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

லண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தது 1887இல். குணமென்று ஒன்று உண்டானால் அது உணவால்தான் வரும் என்றும் அவர் ஊகித்தார். எந்த உணவு என்பது தெரிய அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் 1924இல் வாழைப்பழ வைத்தியம் கொண்டுவந்தார், குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தின் மகிமை என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் தேற்றியது அவர் நிறுத்திய ரொட்டி. கடைசியில் விடையைப் பிடித்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லம் கரெல் டிக்கே. போருக்கு முன்பே அவருக்கு ரொட்டிமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நாடே பட்டினி கிடந்தது. ரொட்டி இல்லை, டூலிப் கிழங்கைக்கூடத் தின்றார்கள். மற்றக் குழந்தைகள் வாட, டிக்கேயின் சீலியாக் நோயாளிகள் மட்டும் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. அவர் அதோடு விடவில்லை. குழந்தைகளுக்கு முறைவைத்துக் கோதுமை, ரை, அரிசி, மக்காச்சோளம் கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகிறது என்று மாதக்கணக்கில் அளந்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

டிக்கேவுக்குக் கால் நூற்றாண்டு முன்னால், பர்லியாருக்கு மேலே குன்னூரில், கோதுமைக்கு நேர்மாறான தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அங்குள்ள பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. 1918இல் அதன் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையை ஆரம்பித்தார். அந்த ஒற்றை அறைதான் பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மெக்கரிசன் செய்த எலிச் சோதனை உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, கீரை என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸிச் சாப்பாட்டு எலிகள் கடைசி. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டின் இறைச்சி என்ற ஏழை ஆங்கிலேயர் உணவு தின்ற எலிகளோ ஒன்றையொன்று கடித்துத் தின்னும் நிலைக்குப் போயின. ஆளும் நாட்டுக்காரர் இதை அச்சில் போடத் துணிந்ததற்காகவே எனக்கு மெக்கரிசனைப் பிடிக்கும்.

அவர் சொன்னது தவறில்லை. தீட்டிய அரிசியில் தையமின் போய்விடும். முழுக்கோதுமையும் பாலும் கீரையும் சேர்ந்த உணவு பெரும்பாலோருக்கு நல்லதே. ஆனால் அவர் பாராட்டிய அதே வடஇந்தியச் சப்பாத்தி நாட்டிலிருந்துதான், 1966இல், குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதாக பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதுவரை இது வெள்ளைக்காரர் நோய் என்று பாடப்புத்தகங்கள் நம்பிக்கொண்டிருந்தன. இன்று பஞ்சாப், ஹரியானா, டெல்லிப் பகுதிகளில் நூறு பேருக்கு ஒருவர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஐரோப்பாவிலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

அப்படியானால் தமிழ்நாட்டில்? இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணாவும் டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியாவும் முன்னின்று நடத்தியது. ஹரியானா, அசாம், தமிழ்நாடு மூன்றிலுமாக 23,331 பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும் இருந்தது. தெற்கில் 0.10 சதவீதம். நம்மவர்களுக்கு அந்த மரபணு இல்லையோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதையும் பார்த்தார்கள். டிக்யூ2 அல்லது டிக்யூ8 வைத்திருப்பவர்கள் வடக்கில் 38.1 சதவீதம், வடகிழக்கில் 31.4, தெற்கில் 36.4. ஏறக்குறைய சமம். மூன்றில் ஒரு தமிழர் அந்தத் தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடியேதான் பிறக்கிறார். அதில் வைக்கக் கோதுமைதான் வரவில்லை. வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கில் 25 கிராம். ஒரு பரோட்டாவுக்கே அதைவிட அதிக மாவு போகும்.

கோதுமை தின்றால் நோய், தின்னாவிட்டால் இல்லை என்று இங்கே கணக்கை மூடிவிடலாம்தான். மூடவிடாமல் செய்வது அசாம். அங்கே ஒருவரின் கோதுமை வெறும் 37 கிராம். தமிழ்நாட்டைவிட 12 கிராம் கூடுதல், ஒரு ஸ்பூன் மாவு. மரபணுவோ நம்மைவிடக் குறைவு. ஆனாலும் எதிர்ப்பொருள் எட்டு மடங்குக்கு மேல். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிற பலர் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்; எனக்கென்னவோ நடுவில் இருக்கும் அசாம் எண்தான் மிகவும் பேசுகிறது. மரபணு ஒன்று, கோதுமை இரண்டு, மூன்றாவதாக இன்னொன்று வேண்டும் என்கிறது அது.

இதே புதிர் வட ஐரோப்பாவிலும் எழுந்தது. பின்லாந்து ஒரு பக்கம், ரஷ்யாவின் கரேலியா மறுபக்கம். மக்களின் மரபணுவும் கோதுமைப் பழக்கமும் பெரிதும் ஒத்தவை. பின்லாந்துக் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக். கரேலியாவில் ஐந்நூற்றுக்கு ஒருவருக்கு. வசதி குறைந்த, கிருமிகளோடு அதிகம் புழங்கும் பக்கத்தில் நோய் குறைவு. ஸ்வீடனில் 1980களின் நடுவில் கைக்குழந்தைகளிடம் சீலியாக் திடீரென நான்கு மடங்கானது. பத்தாண்டுகள் கழித்து அதேபோலத் திடீரெனச் சரிந்தது. தாய்ப்பால் நிற்கும் சமயத்தில், அதிக அளவில், ஒரே மூச்சில் கோதுமைக் கஞ்சி தொடங்கும் வழக்கம் வந்துபோனதோடு அது பொருந்தியது. 2017இல் சிகாகோ ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டியது இன்னொரு துப்பு: சாதாரணமாக எந்த அறிகுறியும் தராத ரியோவைரஸ் ஒன்று குடலைத் தொற்றும் நேரத்தில் குளூட்டனும் உள்ளே வந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் குளூட்டனையும் எதிரிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. மூன்றாவது சாட்சி எது என்று தீர்ப்பு இன்னும் வரவில்லை. குடல் நுண்ணுயிர்களின் பக்கம்தான் விரல்கள் நீள்கின்றன.

மரபணு மட்டுமே முடிவுசெய்யும் நோயும் இந்த மலைச்சரிவுக்குப் பழக்கமானதே. பர்லியாரைச் சுற்றிய காடுகளில் இருளர், குறும்பர் ஊர்கள் இருக்கின்றன. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்தியாவில் முதன்முறையாக அரிவாள் செல் மரபணுவைக் கண்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்துவிட்டால் என்ன சாப்பிட்டாலும் நோய் வரும். டிக்யூ2 அந்த மாதிரி இல்லை. அதை வைத்திருக்கும் நூறு பேரில், கோதுமை தின்னும் நாடுகளிலேயே, நோய் வருவது மூன்று பேருக்கு.

இன்னும் மேலே, குன்னூரை அடுத்த வெலிங்டனில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. தேயிலை மலையில் கோதுமைக்கு என்ன வேலை? சமவெளியின் கோடை வெயிலில் கோதுமையின் துருநோய்ப் பூஞ்சை செத்துப்போகும். குளிர்ந்த மலைகளில் தப்பிப் பிழைத்து, அங்கிருந்து காற்றேறி மறுபடி சமவெளிக்குப் போகும் என்று ஆக்ரா கல்லூரியின் கே. சி. மேத்தா பல ஆண்டுகள் உழைத்து நிறுவினார். தெற்கே அப்படிப்பட்ட புகலிடம் நீலகிரியும் பழனி மலையும். பூஞ்சை எங்கே வாழ்கிறதோ அங்கேயே அதைத் தாங்கும் கோதுமையைத் தேடுவதுதான் வெலிங்டனின் வேலை. துருவைத் தாங்கும் பழைய இனங்களில் ஒன்று நம் ஊரில் சம்பா கோதுமை என்ற பெயரில் ரவையாகக் கிடைக்கும் எம்மர் வகை. ‘நீலகிரி கப்ளி’ என்ற எம்மர் ரகத்தை வெலிங்டன் நிலையமே உருவாக்கியது.

சம்பா கோதுமையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பழங்கால கோதுமை, அதனால் குளூட்டன் பிரச்சினை இல்லை’ என்று இன்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பாதி உண்மை என்பது முழுப் பொய்யைவிட ஆபத்து. ரொட்டிக் கோதுமையில் மூன்று தாவரங்களின் குரோமோசோம் தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன, எம்மரில் இரண்டுதான். மூன்றாவது தொகுதி, பழங்கால வயலோரத்தில் நின்ற ஒரு காட்டுப்புல்லிடமிருந்து பிற்பாடு வந்தது. செரிக்க மறுக்கும் அந்த 33 அமிலத் துண்டுக்கான மரபணு அந்தப் புல் கொண்டுவந்த சீதனம். எனவே சம்பா கோதுமையில் அந்தக் குறிப்பிட்ட துண்டு இல்லை. ஆனால் டி செல்லை உசுப்பும் மற்றத் துண்டுகள் தாராளமாக இருக்கின்றன. சீலியாக் உள்ளவருக்கு அது வெறும் கோதுமைதான், தொடக்கூடாது.

மற்றத் தன்னுடல் தாக்குநோய்களுக்கும் குளூட்டன் காரணமா என்ற கேள்வி இப்போது எங்கும் கேட்கிறது. சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் இருபதுக்கு ஒருவர் அளவில் சீலியாக்கும் இருக்கிறது. ஹஷிமோட்டோ தைராய்டு நோயிலும் வழக்கத்தைவிட அதிகம். ஆனால் சேர்ந்து வருவதெல்லாம் ஒன்று மற்றொன்றால் வருவது ஆகாது. இந்த நோய்கள் அதே எச்எல்ஏ மரபணு வட்டாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு டிடிஜி பரிசோதனை செய்துபார்ப்பது அதனால்தான் முறை. சப்பாத்தியை நிறுத்தினால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தோலில் கொப்புளம் வரும் ஒரு நோயும், சிறுமூளையைத் தொடும் தள்ளாட்டமும் குளூட்டனோடு நேரடியாக இணைந்தவை. அங்கும் தாக்கப்படுவது அதே நொதிக் குடும்பத்தின் பங்காளிகள். முடக்குவாதத்துக்கும் மற்றவற்றுக்கும் இந்த அளவு சான்று கிடையாது.

சீலியாக் இல்லாமலே ‘கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வயிறு உப்புவது நிஜம். ஆனால் 2013இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிப்சன் குழுவும், 2018இல் ஆஸ்லோ ஆய்வாளர்களும் எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்தபோது, குளூட்டன்மேல் பழி நிற்கவில்லை. ஆஸ்லோவில் அதிகம் உப்பவைத்தது கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சரம். அது வெங்காயத்திலும் பூண்டிலும்கூட இருக்கிறது.

சந்தேகம் வந்தால் செய்யக்கூடாத முதல் காரியம் கோதுமையை நிறுத்துவது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறும், பரிசோதனை எல்லாம் சுத்தம் என்று வரும். நோய் இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது. நம் பக்கத்தில் அந்தத் துணுக்கை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 1960களில் வடஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவிய டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோயை வேலூரில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துதான் இருந்தன. கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நோய் உறுதியானால் மருந்து கிடையாது; ஆயுளுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். பஞ்சாபிக் குடும்பத்துக்கு இது இடி விழுந்த மாதிரி. நமக்கு, இட்லி, ஆப்பம், இடியாப்பம், ராகிக் களி, சாமைச் சோறு என்று வேலை பாதி முடிந்தே இருக்கிறது. மீதிப் பாதிதான் தொல்லை. ரவை, சேமியா, பன், பிஸ்கட் என்பவை பளிச்சென்று தெரியும். பூஸ்ட், ஹார்லிக்ஸ் வகைப் பானங்களில் இருக்கும் பார்லி மால்ட் தெரியாது. தோசைக்குக் கொஞ்சம் மைதா கலக்கும் ஓட்டலும், பரோட்டா போட்ட அதே கல்லில் தோசை ஊற்றும் கடையும் தெரியாது. இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

சாம்பாரே குளூட்டன் இல்லாத உணவுதானே என்று கேட்பவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் பால். நம் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சேர்மானத்தில் கருவேலம் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். ஒரு பாத்திரம் சாம்பாருக்கு அரை கிராம் போட்டு, அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்ற கணக்கில் 25 மில்லிகிராம் தேறும். ஒரு நாளைக்கு மொத்தமாக 50 மில்லிகிராம் என்ற அளவே தொடர்ந்து போனால் பல நோயாளிகளின் குடல் கெடுகிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, மூன்று வேளையும் ரசம், சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடும் வீட்டில், ஒரு பாத்திரம் பலருக்குப் பங்கானாலும், இது ஒதுக்கிவிடக்கூடிய விஷயமில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள்; விலை சற்றுக் கூடுதல், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.